பிரிந்தார், பகைக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இசைக்குழுக்கள் உடைவது பற்றிய கட்டுரை படித்தேன். தனிப்புகழுக்கு ஆசைப்பட்டே பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975இல் ஜெனிசிஸ் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவை விட்டுப் போனார் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

1974இல் அவருடைய மூத்த மகள் பிறந்தபோது குழந்தை பிழைக்குமா என்ற நிலை. அவர் மருத்துவமனைக்கும் ஒலிப்பதிவுக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தார். குழுவினருக்கு அது புரியவில்லை. ஒத்துக்கொண்ட சுற்றுப்பயணத்தை முழுசாக முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விலகினார். அப்புறம் முதல் தனி ஆல்பம் வந்ததே 1977இல்! புகழுக்கு அவசரப்படுகிறவர் இவ்வளவு நாள் சும்மா இருப்பாரா?

அந்த ஆல்பத்தில் 'சால்ஸ்பரி ஹில்' என்ற பாட்டு, குழுவை விட்டு வந்ததைப் பற்றியது. பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடும். நம் மிஸ்ர சாபு தாளம் போல 'தகிட தகதிமி' என்று தொடையில் தட்டிப் பாருங்கள், அப்படியே உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் கால் ஒரு அடி முன்னாலேயே எடுத்து வைக்கிற மாதிரி இருக்கும். விடுதலையான மனசின் நடை அது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

குழுவும் அழியவில்லை. டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸே பாட வந்தார். 1976இலேயே அடுத்த ஆல்பம் வந்துவிட்டது. 1982இல் கேப்ரியல் தொடங்கிய உமாட் இசை விழா கடனில் மூழ்கியபோது, பழைய ஜெனிசிஸ் நண்பர்கள் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் அவரோடு மேடையேறிப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கட்டுரையில் இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

– ஒரு வாசகர், திருச்சி