மார்க் கொறஞ்சா பந்த புடுங்காதீங்க

அன்பான அம்மா அப்பாக்களுக்கு, தாத்தா பாட்டி வீட்ல வளர்ற புள்ளைங்களும் நம்ம ஸ்கூல்ல நெறைய பேர் இருக்காங்க, அந்த பெரியவங்களுக்கும் சேர்த்து, வணக்கம். எச்.எம். மேடம் எழுதுறேன். வழக்கமா லீவு, மீட்டிங், ஸ்காலர்ஷிப்னு ரெண்டு வரில மெசேஜ் போடுவேன், இது கொஞ்சம் பெருசு. வேலையெல்லாம் முடிச்சிட்டு பொறுமையா படிங்க, படிக்க வராதவங்க உங்க புள்ளையவே சத்தமா படிக்க சொல்லி கேளுங்க, அதுவும் நல்லதுதான், அவங்களும் கேக்க வேண்டியது இதுல இருக்கு.

காலாண்டு பரீட்சை ரேங்க் கார்டு வெள்ளிக்கிழமை குடுத்தோம். திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஃபுட்பால் பிராக்டிஸுக்கு வர வேண்டிய 18 பேர்ல 7 பேர்தான் வந்திருக்காங்க. பி.டி. சார் என் ரூமுக்கு வந்து அட்டெண்டன்ஸ் நோட்ட டேபிள் மேல வெச்சிட்டு ஒன்னும் பேசாம நின்னாரு. மீதி 11 பேரையும் நீங்கதான் வீட்ல நிறுத்தியிருக்கீங்க. அன்னிக்கே ஒரு அம்மா கேட் கிட்ட என்ன நிறுத்தி, "இன்னா மேடம், கணக்குல 22 எடுத்துனு வந்து நிக்கறான், பந்து ஒதச்சா சோறு கெடைக்குமா"ன்னு கேட்டாங்க. விடிகாலைல காசிமேடு போய் மீன் எடுத்து, கூடைய தலைல வெச்சி தெருத்தெருவா வித்துட்டு வர்றவங்க அவங்க, அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. கேட்ல நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்ற பதில் இல்லங்கறதாலதான் இப்போ உக்காந்து எழுதுறேன்.

போன வருஷமும் இதே மாதிரி ஒன்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தன வீட்ல நிறுத்துனாங்க, பேர் வேணாம், நல்ல கோல் கீப்பர். சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் கிரவுண்டுல இருந்த நேரம் அவனுக்கு சும்மா கெடைச்சுது, அந்த நேரத்துல அவன் கணக்கு நோட்ட தொறக்கல. மொத வாரம் வீட்ல போன் பாத்தான், அடுத்த வாரம் தெரு முனைல நின்னான், அப்புறம் பெரிய பசங்களோட சேந்து முகூர்த்த நாள்ல கேட்டரிங் சப்ளைக்கு போக ஆரம்பிச்சான், நைட் ஒரு மணிக்கு வந்து படுத்துட்டு மறுநாள் ஃபர்ஸ்ட் பீரியட்லயே பெஞ்ச்ல தல சாச்சிருவான். கைல நானூறு ஐநூறு பொரண்டதும் ஸ்கூல் அவனுக்கு சின்னதா தெரிஞ்சுது. அரையாண்டுல மார்க் காலாண்ட விடவும் கீழ போச்சு. நாங்க நாலு தடவ அவங்க வீட்டுக்கு நடந்து பேசி ஜனவரில திரும்ப கிரவுண்டுக்கு கொண்டாந்தோம். இப்போ பத்தாவது, படிப்புல பெருசா ஏறிடலதான், ஆனா வர்றான், தெனமும் வர்றான், யூனிஃபார்ம் போட்டு டைமுக்கு வந்து நிக்கிறான். அந்த முனைல வேற என்னென்ன கெடைக்குதுன்னு நான் சொல்லி உங்களுக்கு தெரிய வேண்டியதில்ல, மாத்திரை, கஞ்சான்னு நம்ம தெருல எத்தன வீடு அழுதிருக்கு.

எங்க மேலயும் தப்பு இருக்கு, அத மறைக்க மாட்டேன். பத்தாவது பன்னெண்டாவதுக்கு பி.டி. பீரியட் வந்தா கணக்கு டீச்சர் கேப்பாங்க, சயின்ஸ் டீச்சர் கேப்பாங்க, ரிசல்ட்டுக்கு பயந்து நானும் தூக்கி குடுத்துட்டே இருந்தேன், இத்தன வருஷமா. இனிமே குடுக்க மாட்டேன்னு ஸ்டாஃப் மீட்டிங்ல சொல்லிட்டேன். டீம்ல இருக்குற புள்ளைங்கள்ல ரெண்டு பாடத்துக்கு மேல ஃபெயில் ஆனவங்களுக்கு பிராக்டிஸ் முடிஞ்சதும் ஸ்கூல்லயே முக்கா மணி நேரம் படிப்பு, கணக்கு டீச்சரே உக்கார ஒத்துக்கிட்டாங்க, பதினொன்னாவது பசங்க ரெண்டு பேர் சொல்லித்தர்றோம்னு வந்திருக்காங்க. ஆக படிப்பு விட்டுப்போகும்னு நீங்க பயப்பட வேணாம், ஆனா பந்த புடுங்கி அத தண்டனையா குடுக்காதீங்க, இதான் நான் கேக்குறது.

நம்ம வியாசர்பாடின்னா வெளில இருக்குறவங்களுக்கு வேற எதெதுவோ ஞாபகம் வரும், சினிமா அப்படி காட்டியே பழக்கிருச்சு. ஃபுட்பால் தெரிஞ்சவங்க கிட்ட கேட்டு பாருங்க, குட்டி பிரேசில்னு சொல்வாங்க. நந்தகுமார் சேகர் வியாசர்பாடி பையன், இந்தியா ஜெர்சி போட்டவரு, 2023 ஆகஸ்ட்ல கொல்கத்தால டியூராண்ட் கப் மேட்ச்ல மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே கோல், அந்த ஒரு கோல்லயே மேட்ச் ஜெயிச்சாங்க, மோகன் பகான் கிட்ட வருஷக்கணக்கா தோத்துட்டு கெடந்த டீம் அது. ஃபுட்பால் பிளேயர் தன்பால் கணேஷும் இங்கதான். கேரம் எடுத்துக்கோங்க, ஒரு போர்டு, கொஞ்சம் போரிக் பவுடர், மேல ஒரு பல்பு இருந்தா தெருவுக்கே வெளாட்டு ஆச்சு, அதான் நம்ம பக்கம் அது இவ்ளோ வளந்துச்சு. மரிய இருதயம் சார் ரெண்டு தடவ உலக சாம்பியன், 1996ல கேரமுக்கு அர்ஜுனா விருது வாங்குனவரு. வியாசர்பாடி இளவழகி 2008ல உலக சாம்பியன். 2024 நவம்பர்ல அமெரிக்கால நடந்த கேரம் உலகக் கோப்பைல புதுவண்ணாரப்பேட்ட காசிமா தனியா ஆடி, ஜோடியா ஆடி, டீமா ஆடி 3 தங்கம் வாங்குனப்போ அந்த பொண்ணுக்கு 17 வயசு. அவங்கப்பா ஆட்டோ ஓட்டுறவரு, ஆட்டோ ஓட்டிட்டு வந்து ஏரியா பசங்களுக்கு போர்டுல சொல்லியும் குடுக்குறவரு. நம்ம ஸ்கூல் பெத்தவங்கள்ல எத்தன பேர் ஆட்டோ ஓட்டுறீங்கன்னு எனக்கு தெரியும்.

இத படிச்சிட்டு உங்க புள்ள நாளைக்கே நந்தகுமார் ஆயிடுவான்னு நான் சொல்லல, பொய் சொல்லி அனுப்ப சொல்ல மாட்டேன். அந்த 18 பேர்ல ஒருத்தன் கூட இந்தியா டீமுக்கு போகாம இருக்கலாம், போகாததுதான் அதிகம் நடக்கும். அப்படின்னாலும் அனுப்புங்கன்னுதான் சொல்றேன். நம்ம ஸ்கூல்ல படிச்ச பையன் ஒருத்தன் இப்போ லிஃப்ட் கம்பெனில டெக்னீஷியனா இருக்கான், ஐடிஐ முடிச்சவன், டீம்ல எப்பவும் சப்ஸ்டிட்யூட்டாதான் உக்காந்திருப்பான், நாலு வருஷத்துல முழு மேட்ச் ஆடுனது மூணோ நாலோ. போன மாசம் வந்தவன் சொன்னான், வேலைக்கு சேந்த புதுசுல சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டா கூட வந்தவங்க பைய தூக்கிட்டு கெளம்பிருவாங்களாம், இவன் மட்டும் மறுநாள் டைமுக்கு போய் நிப்பானாம், ஏன்டான்னு கேட்டேன், "பெஞ்ச்ல உக்காந்து பழகிடுச்சு மேடம், என் டர்ன் வரும்னு தெரியும்"னான். இத நான் எந்த பீரியட்ல சொல்லிக்குடுத்திருக்க முடியும்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டு இருந்தேன்.

தோக்குறத பத்தி ஒன்னு சொல்லணும். பக்கத்து ஸ்கூல்களோட ஆடுற சோன் போட்டி செமிஃபைனல்ல நம்ம பசங்க பெனால்டில தோத்தாங்க. கடைசி கிக்க வெளிய அடிச்ச பையன் மூணு நாள் ஸ்கூலுக்கே வரல. நாலாவது நாள் வந்தான், முகம் தெளிவா இருந்துச்சு, என்ன நடந்துச்சுன்னு அவங்கப்பாவ கூப்ட்டு கேட்டேன். பாரிமுனைல லோடு ஏத்தி எறக்குற வேலை அவருக்கு. அவர் ஒன்னும் பெருசா பேசலியாம், மூணாவது நாள் ராத்திரி வாடான்னு கூட்டிட்டு போய் டீயும் பஜ்ஜியும் வாங்கி குடுத்திருக்காரு, விடிஞ்சதும் வேலைக்கு போறதுக்கு முன்னாடி லுங்கிய மடிச்சி கட்டிக்கிட்டு கிரவுண்டுல கோல்ல போய் நின்னு, அடிடா இப்போன்னு சொல்லியிருக்காரு, அவன் அடிக்க அடிக்க இவர் ஓடி ஓடி எடுத்துட்டு வந்திருக்காரு, இருபது முப்பது தடவ. அப்புறம் துண்டால முகத்த தொடச்சிட்டு வேலைக்கு போயிட்டாராம். தோத்துட்டு வர்ற புள்ளைய வண்டி பின்னாடி உக்கார வெச்சி வீடு வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே வர்றவங்கள நான் பாத்திருக்கேன், பக்கத்து வீட்டு புள்ளைய இழுத்து பேசுறவங்களையும் பாத்திருக்கேன், அவங்கள குத்தம் சொல்லல, ஆனா இந்த அப்பா செஞ்சத எல்லாரும் தெரிஞ்சிக்கணும்னு அவர கேட்டுட்டுதான் எழுதுறேன்.

பொண்ணுங்கள பெத்தவங்களுக்கு தனியா. எட்டாவதுல கபடி ஆட 14 பேர் வர்றாங்க, ஒன்பதாவதுல பாத்தா 5 பேர், வருஷா வருஷம் இதே கதை. காரணம் எல்லாருக்கும் தெரியும், வயசுக்கு வந்துட்டா, அதான். நான் கொருக்குப்பேட்டைல பொறந்து வளந்தவ. எட்டாவது படிக்கும்போது 400 மீட்டர் ஓட்டத்துல சோன்ல ரெண்டாவது வந்தேன், அடுத்த வருஷம் வயசுக்கு வந்தேன், யாரும் திட்டல, அடிக்கல, எங்கம்மா என் கேன்வாஸ் ஷூவ எடுத்து பக்கத்து வீட்டு பையனுக்கு குடுத்துட்டாங்க, அதோட முடிஞ்சுது. அம்மா மேல எனக்கு கோவம் இல்ல, அவங்க வளந்த விதம் அப்படி, ஆனா அந்த ஷூ இன்னும் கண்ணுல நிக்குது. உங்க பயம் என்னன்னு எனக்கு தெரியும். பொண்ணுங்க ஆடும்போது கிரவுண்டுல கட்டாயம் ஒரு லேடி டீச்சர் இருப்பாங்க, ட்ராக் பேன்ட் முழுசா போட்டு ஆடலாம், நாப்கின் ஸ்கூல்லயே இருக்கு, அந்த நாள்ல முடியலன்னா உக்காந்துக்கலாம் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடிச்சி ஒரே தெரு பொண்ணுங்கள ஒன்னா சேத்து அனுப்புவோம். வேற ஏதாவது மனசுல இருந்தா நேர்ல வந்து சொல்லுங்க, அப்பாக்கள் முன்னாடி பேச கூச்சம்னா அம்மாக்கள் தனியா வாங்க.

இப்போ அந்த அம்மா கேட்ட சோறு கேள்வி. கவர்மென்ட் வேலைல விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு 500 சீட் தனியா இருக்கு. ரயில்வே, போலீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால ஆள் எடுக்குறாங்க, நம்ம பெரம்பூர் ஐசிஎஃப்லயும் எடுக்குறாங்க, 1955லேர்ந்து ரயில் பெட்டி செய்யிற எடம், வந்தே பாரத் கூட அங்க செஞ்சதுதான். ஐசிஎஃப்ல அப்ரண்டிஸ்க்கு வெளாட்டு வேணாம், பத்தாவதுல 50 சதவீதம் இருந்தா அப்ளை பண்ணலாம், அதனால 22ஐ 50 ஆக்க வேண்டியதும் இருக்கு, ரெண்டும் சேந்துதான் போகணும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதில 7, 8, 9, 11 வகுப்புல சேக்குறாங்க, தங்குறது சாப்பாடு கோச்சிங் எல்லாம் இலவசம், செலக்‌ஷன் வரும்போது தெரியப்படுத்துறேன். ஆனா தெரு டோர்னமென்ட்ல குடுக்குற கப்பும் சர்டிஃபிகேட்டும் இந்த கோட்டாவுக்கெல்லாம் செல்லாது, குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டுன்னு சோன்ல ஜெயிச்சி மாவட்டம் போய் அங்கேர்ந்து ஸ்டேட்னு மேல ஏறணும், அதுக்குதான் பி.டி. சார் காலைல ஆறு மணிக்கு கூப்பிடுறாரு.

இதுல நம்ம புள்ளைங்க தோக்குறது ஆட்டத்துல இல்ல, பேப்பர்ல. போன வருஷம் மூணு பசங்க மாவட்ட லெவலுக்கு போக முடியாம நின்னாங்க, பர்த் சர்டிஃபிகேட்ல ஒரு பேர், ஆதார்ல ஒரு பேர், இனிஷியல் வேற, ஒருத்தனுக்கு தேதியே வேற. 14 வயசுக்குள்ள, 17க்குள்ள, 19க்குள்ளன்னு பிரிச்சிதான் ஆட விடுவாங்க, தேதி இல்லாம ஒன்னும் ஆகாது. சென்னைல பொறந்தவங்களுக்கு கார்ப்பரேஷன் வெப்சைட்லயே டவுன்லோட் பண்ணலாம், தெரியலன்னா ஸ்கூலுக்கு வாங்க, கம்ப்யூட்டர் டீச்சர் எடுத்து தருவாங்க.

சாப்பாடு பத்தி ஒரு வார்த்த. வெறும் டீயும் பன்னும் சாப்ட்டு வந்து ஓடுற புள்ளைங்க வெயில்ல மயங்கி விழறாங்க. காசு செலவு பண்ணி பவுடரெல்லாம் வாங்காதீங்க, ஜிம்ல விக்கிறத நம்பி பெரிய பசங்க கேப்பாங்க, வேணாம். கேவுரு கூழ், ஒரு வாழப்பழம், ஊற வெச்ச கடலை போதும், காசிமேடு நம்ம பக்கத்துலயே இருக்கு, மத்தி, நெத்திலி வாரத்துக்கு ரெண்டு தடவ குழம்புல போடுங்க.

வர்ற சனிக்கிழமை காலைல ஆறரைக்கு நம்ம ஸ்கூல் கிரவுண்டுல மேட்ச் வெச்சிருக்கோம், பசங்க ஃபுட்பால், பொண்ணுங்க கபடி, கேரம் போர்டு வராண்டால இருக்கும். நிறுத்தி வெச்ச 11 பேர் வீட்டுக்கும் நான் போன் பண்ணுவேன். பேசறதுக்கு மீட்டிங் இல்ல, மைக் இல்ல, வந்து கோட்டுக்கு வெளில நின்னு உங்க புள்ள ஆடுறத ஒரு தடவ பாருங்க, பாத்ததே இல்லன்னு சொன்னவங்க நெறைய பேர். அப்புறமும் நிறுத்தணும்னு தோணுச்சுன்னா என்கிட்ட சொல்லுங்க, உக்காந்து பேசலாம். மீன் வியாபாரம் பண்ற அம்மாக்கள் கூடையோடயே வரலாம், கேட் பக்கத்துல நெழல்ல எறக்கி வைக்க எடம் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை ராத்திரி மழ பேஞ்சி கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னுச்சுன்னா மேட்ச் அடுத்த சனிக்கிழமைக்கு, காலைல அஞ்சு மணிக்கே மெசேஜ் போட்டுருவேன். வரும்போது பர்த் சர்டிஃபிகேட், ஆதார் ரெண்டும் ஜெராக்ஸ் ஒன்னு எடுத்துட்டு வந்துருங்க.

இப்படிக்கு,
உங்க புள்ளைங்களோட எச்.எம். மேடம்