செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கணினி வந்த பிறகும் நோட்டை ஏன் மூட முடியவில்லை?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, காரைக்குடியிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற நிதியாண்டில் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. காரைக்குடி 2024இல் மாநகராட்சியான பிறகு வரி, கடை உரிமம் பற்றி உறுப்பினர்களுக்கு எழுந்த ஐயங்களைத் தொகுத்து மனுவாகக் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது ஒரே விஷயம். கடையிலும் ஆலையிலும் பட்டறையிலும் கணினி வாங்கி வைத்திருக்கிறோம். ஆண்டுதோறும் சாப்ட்வேருக்குப் பணமும் கட்டுகிறோம். ஆனால் நாம் நம்பும் கணக்கு இன்னும் நோட்டில்தான் ஓடுகிறது. காரணம் அறிய, செயற்குழு முடிவின்படி, உறுப்பினர்களின் தொழில் இடங்களுக்கே போய்ப் பார்த்தோம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் சாப்ட்வேர் வாங்கியது சட்டத்துக்காக. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. 2018 ஏப்ரலில், சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிய வேண்டிய மின்னணு விலைப்பட்டியல், படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. ஆகவே ஆடிட்டர் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் சாப்ட்வேரை வாங்கினோம். கல்லாவில் இருப்பவருக்கு அதனால் பழைய வேலை எதுவும் குறையவில்லை. புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. நோட்டில் எழுதியதையே மறுபடி கணினியில் ஏற்ற வேண்டும். இரண்டு வேலையில் எது அவசரமோ அதைத்தான் மனிதர் முதலில் செய்வார். மற்ற காரணங்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன என்பது என் முடிவு.

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் பார்த்ததைச் சொல்கிறேன். நெல் லாரி எடைமேடையில் ஏறுகிறது. பார எடை, காலி எடை இரண்டும் பதிவாகிச் சீட்டு அச்சாகிறது. அதற்குப் பிறகுதான் சாக்கில் குத்தூசி போட்டு நெல்லை எடுத்து, ஈரமும் பதரும் மண்ணும் பார்த்து, கழிவு எவ்வளவு என்று நெல் கொண்டுவந்தவரோடு பேசி முடிக்கிறார்கள். சாப்ட்வேரில் எடைக்கு இடம் உண்டு, விலைக்கு இடம் உண்டு. பேசி முடித்த கழிவுக்கு இடம் கிடையாது. ஏறிவிட்ட எடையைத் திருத்தவும் அது விடாது. அதனால் கணக்கப்பிள்ளை எடைச் சீட்டின் பின்பக்கம் பென்சிலில் கழிவை எழுதி, மேசையிலிருக்கும் கம்பியில் குத்தி வைக்கிறார். மாலையில் சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, நிகர எடையைக் கணக்கிட்டு, அதன் பிறகே கணினியில் ஏற்றுகிறார். முதலாளி சென்னையில் இருக்கிறார். மதியம் போனில் இருப்பைப் பார்த்தால் நேற்றைய இருப்புதான் தெரிகிறது. ஆள் ஒழுங்காக ஏற்றுவதில்லை என்று அவருக்கு வருத்தம். ஆள் ஒழுங்காகத்தான் இருக்கிறார். அந்தச் சாப்ட்வேரை எழுதியவர்கள் எடைமேடைப் பக்கம் வந்து பார்க்கவில்லை. நாம் எடுத்துச் சொல்லி, கழிவுக்கென ஒரு கட்டம் சேர்த்து வாங்கிய பிறகு பென்சில் கணக்கு நின்றுவிட்டது. மொத்தத்தில் அது ஒரே ஒரு கட்டம்தான்.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சிக்கல் வேறு. ஒரு பொருளுக்கு ஓர் எண், அதில் எத்தனை இருப்பு என்று கேட்கிறது சாப்ட்வேர். மரத்தூணோ எனாமல் தூக்குச் சட்டியோ பித்தளை அண்டாவோ, அங்கே ஒவ்வொன்றும் தனிப் பொருள். புகைப்படமும் வாங்கிய விலையும் சேர்த்துப் பதியும் வசதிதான் அவர்களுக்கு வேண்டும். அது இல்லாததால் பாதிச் சரக்கு ‘இதரம்’ என்ற தலைப்பில் கிடக்கிறது. பலகாரம் செய்து அனுப்பும் சகோதரிகளுக்கு ஆர்டர் வாட்ஸ்அப்பில் குரலாக வருகிறது. கைமுறுக்கு இத்தனை, சீப்புச் சீடை இத்தனை, எந்தத் தேதிக்கு என்று பேசி அனுப்பிவிடுகிறார்கள். படிவத்தை நிரப்பச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆள் பெயர் விஷயத்தில் நம் பக்கத்துக்கே உரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். விலாசம் என்று நாம் சொல்லும் முன்னோர் பெயர்களின் முன்னெழுத்துகளை வைத்துத்தான் இன்ன வீடு என்று பிரித்தறிகிறோம். சாப்ட்வேரோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. முன்னெழுத்தை ஒருவர் முன்னே போடுகிறார், இன்னொருவர் பின்னே போடுகிறார், மூன்றாமவர் புள்ளியே வைப்பதில்லை. ஒரே ஆளுக்கு மூன்று பேரேடு விழுகிறது. அல்லது ஒரு வீட்டுப் பாக்கி இன்னொரு வீட்டின் தலையில் ஏறுகிறது. கல்யாணச் சரக்குக் கொடுத்த கடைக்காரருக்கு இது பணச் சேதம் மட்டுமில்லை, உறவுச் சேதமும்கூட.

நம் சங்கத்தின் பழைய ஆவணங்களிலும் எழுத்துச் சிக்கல் ஒன்றைப் பார்த்தோம். பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த உறுப்பினர் பட்டியலைப் புதுக் கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக வந்தது. தமிழக அரசு 2010இலேயே எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டைத் தரமாக ஏற்றுவிட்டது. இருந்தும் அதற்கு முன் தட்டியவை பல அலுவலகங்களில் அப்படியேதான் கிடக்கின்றன. நம் பட்டியலை எழுத்துரு மாற்றும் மென்பொருள் கொண்டு மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தன. ஒருவர் வாசிக்க ஒருவர் திருத்த, இளைய உறுப்பினர்கள் அதை முடித்துக் கொடுத்தார்கள். இனி சங்கத்தில் யூனிகோடு தவிர வேறு எதிலும் தட்டுவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அடுத்து, மனிதர்களைப் பற்றி. வெளியூரில் இருக்கும் முதலாளிகள் கேமராவையும் கணினியையும் ஒரே வாரத்தில் பொருத்திவிட்டுப் போகிறார்கள். முப்பது ஆண்டு சாவியைக் கையில் வைத்திருந்தவருக்கு அது எப்படிப் படும்? தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்றுதான் படும். தேவகோட்டையில் மூத்த கணக்கப்பிள்ளை ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, நோட்டில தப்பு வந்தா எந்தப் பக்கத்துலன்னு எனக்குத் தெரியும். இதுல தப்பு வந்தா நான் யாரைப் போய்க் கேக்கிறது?” இதை வயதானவரின் பிடிவாதம் என்று தள்ளக் கூடாது. பிரிட்டன் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளுக்கு ஹொரைசன் என்ற கணினி அமைப்பைக் கொடுத்தது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, கிளை நடத்தியவர்கள் நூற்றுக்கணக்கானோர் மேல் திருட்டு, பொய்க்கணக்கு வழக்குகள் பாய்ந்தன. சிறைக்கே போனவர்கள் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்க வேண்டி வந்தது. அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை அங்கே முதலிலேயே மதித்திருந்தால் அத்தனை குடும்பங்கள் நொந்திருக்க மாட்டா.

பயிற்சியும் போதவில்லை. மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருபவர் அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார். பர்மாவிலும் மலேயாவிலும் நம்மவர்கள் தொழில் நடத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். எடுபிடி வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, உதவியாளரான அடுத்தாளாகி, அதன் பிறகே ஒருவர் கடையை நடத்தும் மேலாளாக முடிந்தது. மேலாளின் தவணையே மூன்று ஆண்டு. ஊரிலிருந்த தலைமைக் கடையான தாய்க்கடைக்குக் கணக்கு தவறாமல் வந்ததென்றால், எழுதுகிறவனை அவ்வளவு பொறுமையாகப் பழக்கினார்கள் என்று பொருள். நாமோ அரை நாளில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்கிறோம்.

மழைக்காலத்தில் ஓர் உறுப்பினரின் ஹார்டு டிஸ்க் போயிற்று. பேக்கப்பும் அதே கணினியில் இருந்தது. இன்னொருவர் ஆண்டுக் கட்டணத்தை நிறுத்தியதும் தன் கணக்கைத் தானே திறக்க முடியாமல் தவித்தார். வாங்கும்போதே, என் கணக்கு முழுவதையும் எக்ஸெல்லில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கப் ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும்.

இனி வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் முன்மொழிவு. சங்கச் செலவில் டேலி என்ற கணக்கு சாப்ட்வேரும் தெரிந்த, கடை வேலையும் தெரிந்த ஒருவரை நியமித்து, கேட்கும் உறுப்பினர்களின் இடத்துக்கு வாரம் ஒரு நாள் வீதம் அனுப்புவது. செலவில் பாதியை அந்த உறுப்பினர் ஏற்பது. புது சாப்ட்வேர் வாங்கும் முன் கணக்கப்பிள்ளையை உட்காரவைத்து, அவர் ஒரு நாள் செய்யும் வேலை முழுவதையும் அதில் செய்து பார்க்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க நோட்டும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டின் இருப்பும் தினமும் ஒத்துவந்த பிறகு, நோட்டை எப்போது மூடுவது என்பதைக் கணக்கப்பிள்ளையே சொல்லட்டும். கணினி வந்ததற்காக எந்த உறுப்பினரும் பழைய ஆளை நிறுத்த வேண்டாம் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம்.

தங்கள் கணக்கறைக்குள் எங்களை அனுமதித்த உறுப்பினர்களுக்கும், வேலை நேரத்தில் எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன கணக்கப்பிள்ளைகளுக்கும், பட்டியலைத் திருத்திக் கொடுத்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்