ஒப்பந்தப் பணியாளரின் வெளிநாட்டுப் பயணம்: செலவும் காப்பீடும் யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் தங்கள் வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் எல்லாரும் நிரந்தர ஊழியர்கள் அல்லர். ஒரு குறிப்பிட்ட பணிக்காக ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர்களும் அதே விமானத்தில் அதே வேலைக்குத்தான் போகிறார்கள். இருவருக்கும் உள்ள வேறுபாடு புறப்படும்போது தெரிவதில்லை. போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் படுக்கும்போதோ, திரும்பி வந்து பில்லை நீட்டும்போதோதான் தெரிகிறது. இயந்திரங்களை நிறுவிச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக ஒப்பந்தப் பணியாளராக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நிறுவனங்கள் எடுக்கும் குழுப் பயணக் காப்பீட்டில், யாருக்கெல்லாம் காப்பீடு உண்டு என்று ஒரு வரையறை இருக்கும். பல பாலிசிகளில் அது ‘ஊழியர்’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறது. ஒரு பயணத்தில் நள்ளிரவில் சிறுநீரகக் கல் வலி வந்து மருத்துவமனையில் சேர்ந்தபோது, நிறுவனம் கொடுத்திருந்த அவசர உதவி எண்ணை அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் என் ஊழியர் எண்ணைக் கேட்டார். என்னிடம் இருந்தது ஒப்பந்த எண். சொந்தக் கார்டில் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தேன். என்னை அனுப்பிய மேலாளர் மேல் கோபப்படவும் வழியில்லை. நான் அந்தப் பாலிசிக்குள் இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

‘நீங்களே ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். எடுக்கலாம், ஆனால் எளிதில் கிடைப்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாலிசி. அலுவல் கூட்டத்துக்குப் போவதை ஏற்கும் பாலிசிகளில் கூட, உடலுழைப்பும் இயந்திரங்களைக் கையாள்வதும் விதிவிலக்குப் பட்டியலில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழ் விசா கிடைக்கப் போதும். பணியிடத்தில் கை நசுங்கினால் பணம் வருமா என்பதற்கு அதில் விடை இல்லை. தொழிற்பொறுப்புக் காப்பீடு (நம் வேலையில் நேர்ந்த பிழைக்காகப் பிறர் இழப்பீடு கேட்டால் ஈடுசெய்வது) வைத்திருப்பவர்களும் அது எந்தெந்த நாடுகளில் செல்லும் என்று பார்த்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடரப்படும் வழக்குகளைப் பல பாலிசிகள் தனியாகச் சேர்த்தாலொழிய ஏற்பதில்லை.

செலவுக்கு வருகிறேன். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் சொந்தப் பணத்தில் செய்துவிட்டு இன்வாய்ஸில் சேர்த்து அனுப்பச் சொல்வது பரவலான நடைமுறை. கிரெடிட் கார்டுக்கான கெடு சில வாரங்களில் வந்துவிடும். இன்வாய்ஸுக்கோ 45 நாள், 60 நாள் என்று தவணை இருக்கும். அதுவரை ஒப்பந்தப் பணியாளர் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார் என்றுதான் கணக்கு. கார்டு நிறுவனம் அந்நியச் செலாவணிக்கு எடுக்கும் கூடுதல் கட்டணத்தை யாரும் கணக்கில் கொள்வதில்லை. எந்த நாளின் மாற்று விகிதம் செல்லும் என்பதும் பேசப்படாமலே விடப்படுகிறது. இன்வாய்ஸில் வேலைக்கான கட்டணத்தையும் பயணச் செலவையும் ஒரே தொகையாகக் காட்டினால் முழுவதையும் வருமானம் என்று எடுத்துக்கொண்டு வரி பிடிக்கப்படும் வாய்ப்பும் உண்டு. (வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் பணம் வருவதற்குள் வெளுத்துவிடுவது தனிக் கதை; வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துவிடுகிறேன்.)

ஊழியருக்குரிய சலுகைகளை ஒப்பந்தப் பணியாளருக்குக் கொடுத்தால், நாளை அவர் சட்டப்படி ஊழியராகவே கருதப்படக்கூடும் என்று நிறுவனங்கள் அஞ்சுகின்றன. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிக்கெட்டையும் அறையையும் நிறுவனமே நேரடியாகப் பதிவு செய்வதும், சில்லறைச் செலவுக்குத் தினப்படி நிர்ணயித்து அதை முன்பணமாகத் தருவதும் யாரையும் ஊழியராக்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. காப்பீட்டைத் தாங்களே எடுத்துத் தர விரும்பாதவர்கள், செய்யப்போகும் வேலைக்கு ஏற்ற பாலிசியின் பிரீமியத்தை ஒப்பந்தத் தொகையில் தனி இனமாகச் சேர்க்கலாம். குழுப் பாலிசியில் சேர்ப்பதானால், பயணியின் பெயரும் பணியின் தன்மையும் குறிப்பிடப்பட்ட உறுதிமொழியைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் பெற்றுத் தர வேண்டும். ‘நீங்களும் அதில் வருவீர்கள்’ என்ற மேலாளரின் வாய்ச்சொல்லை மருத்துவமனைக் கவுண்டரில் காட்ட முடியாது.

இப்போதெல்லாம் என் பெயர் உள்ள சான்றிதழ் கைக்கு வந்த பிறகே பயணத் தேதிக்கு ஒப்புக்கொள்கிறேன். சென்ற முறை அது வர இரண்டு நாள் தாமதமானது. பயணமும் இரண்டு நாள் தள்ளிப் போனது.

இப்படிக்கு,
ஓர் ஒப்பந்தப் பணியாளர்