'இமேஜ்' என்றால் படிமம் மட்டும்தானா? கலைச்சொல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கலைச்சொல் பட்டியல் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் வரைவுப் பட்டியலில் 'இமேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே 'படிமம்' என்று மட்டும் இருக்கிறது. எந்தத் துறைக்கு என்ற குறிப்பே இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற உங்கள் விதி ஹைட்ரஜனுக்குச் சரி, வோல்ட்மீட்டருக்கும் சரி. இமேஜ் அந்த ரகம் இல்லை. பாடநூல் மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சொல் லத்தீன் 'இமாகோ'விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரோமானியர்களுக்கு இமாகோ என்றால் சாயல், ஆவி, எதிரொலி எல்லாமே. ஆனால் பெரிய வீடுகளில் அது கையால் தொடக்கூடிய பொருளாகவும் இருந்தது. உயர்பதவி வகித்த முன்னோரின் முகத்தை மெழுகில் செய்து, கூடத்தில் மர அலமாரிக்குள் வைத்திருப்பார்கள். குடும்பத்தில் முக்கியமான ஒருவர் இறந்தால் அந்த முகங்கள் வெளியே வரும். முன்னோரின் உயரமும் உடல்வாகும் உள்ள ஆட்களாகப் பார்த்து அவற்றை மாட்டிவிட்டு, சவ ஊர்வலத்தில் அழைத்துப் போவார்கள். அந்த முன்னோர் கான்சலாக, அதாவது ரோமின் தலைமை ஆட்சியராக, இருந்திருந்தால் ஊதாக் கரை போட்ட ஆடை, குடிக்கணக்கையும் ஒழுக்கத்தையும் கவனிக்கும் சென்சார் என்ற அதிகாரியாக இருந்திருந்தால் முழு ஊதா, வெற்றி ஊர்வலம் கண்ட தளபதி என்றால் பொன்னிழை. மன்றத்துக்கு வந்ததும் முகம் மாட்டியவர்கள் எல்லோரும் யானைத் தந்த நாற்காலிகளில் வரிசையாக உட்காருவார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

குடும்ப கௌரவத்தை முகமாக மாட்டிக்கொண்டு ஊர் பார்க்க நடப்பது! "இந்த வேஷம் கட்டினால் ஹீரோ இமேஜ் போய்விடும்" என்று நம் சினிமாக்காரர்கள் சொல்வதற்கும் இதற்கும் வெகு தூரம் இல்லை என்பது என் எண்ணம். எம்.ஜி.ஆர். திரையில் புகை, குடிக் காட்சிகளைப் பெரும்பாலும் தவிர்த்ததை 'படிமத்தைக் காத்தார்' என்று எழுதிப் பாருங்கள், யாருக்குப் புரியும்?

ஆங்கிலத்துக்கு வந்தபோது இமேஜ் முதலில் குறித்தது பெரும்பாலும் சிலையை, அதிலும் புனிதர்களின் சிலையை. 1548இல் தேவாலயங்களிலிருந்து இமேஜ்களை அகற்றச் சொல்லி இங்கிலாந்தில் அரசாணை வந்தது. அதைத் தமிழில் சொல்ல நம் கத்தோலிக்க வீடுகளில் புழங்கும் 'சுரூபம்' கச்சிதமாகப் பொருந்தும். பைபிளையும் பாருங்கள். 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் கடவுள் மனிதனைப் படைத்ததும் தன் இமேஜில்தான், பத்துக் கட்டளையில் செய்யாதே என்று தடுப்பதும் செதுக்கிய இமேஜைத்தான். எபிரேய மூலத்தில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். தமிழில் பெயர்த்தவர்கள் ஆங்கிலத்தின் குழப்பத்தில் சிக்கவில்லை. முன்னதற்குச் 'சாயல்' என்றும், பின்னதற்கு 'விக்கிரகம்', 'சொரூபம்' என்றும் போட்டார்கள். இரண்டு இடத்திலும் 'படிமம்' போட்டிருந்தால், தடுத்ததையே கடவுள் செய்தார் என்று ஆகியிருக்கும்.

படிமத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அருங்காட்சியகத்தின் செப்புப் படிமத்துக்கும் புதுக்கவிதை விமர்சனத்துக்கும் அது நன்றாகவே உழைக்கிறது. ஆனால் இயற்பியலில் கண்ணாடிக்குள் தெரிவதை நம் பிள்ளைகள் 'மாய பிம்பம்' என்று படிக்கிறார்கள், இலங்கையில் 'விம்பம்' என்கிறார்கள். இரண்டு தலைமுறை படித்துத் தேறிய சொல்லை ஏன் கலைக்க வேண்டும்? பூச்சியியலில் இமாகோ என்பது சிறகு முளைத்து முழு வளர்ச்சி பெற்ற பூச்சி. அதன் முந்தைய நிலைகளில் ஒன்றான 'லார்வா'வுக்கு லத்தீனில் முகமூடி என்றும் பொருள் உண்டு. அங்கே 'முதிர்பூச்சி' என்பதே தெளிவு.

கணினித் துறைதான் பெரிய தலைவலி. கணினியின் ஒரு வட்டில் (டிஸ்க்) உள்ள எல்லாவற்றையும் அச்சு அசலாக ஒரே கோப்பில் எடுப்பதை டிஸ்க் இமேஜ் என்கிறார்கள். அதில் பார்க்க ஒரு படமும் இருக்க வேண்டியதில்லை. அண்மையில் என் கைக்கு வந்த ஒரு பயிற்சிக் கையேட்டில் அதை 'வட்டுப் படம்' என்று பெயர்த்திருந்தார்கள். அதைப் படிக்கிற மாணவன் கோப்பைத் திறந்து படத்தைத் தேடத்தானே செய்வான்?

அதனால் கேட்பது இதுதான். இமேஜ் என்ற பதிவைத் துறைவாரியாகப் பிரியுங்கள்: ஒளியியலுக்குப் பிம்பம், சிற்பத்துக்கும் கவிதைக்கும் படிமம், அன்றாடப் பேச்சுக்குப் படம். சினிமா, அரசியல் பொருளுக்கு 'இமேஜ்' என்றே விட்டாலும் குற்றமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எடுத்துக்காட்டு சேர்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். டிஸ்க் இமேஜுக்கு என் பரிந்துரை 'வட்டுப்படி'. கையெழுத்துப்படி என்பதில் வருகிற அதே படிதான். இதைவிட நல்லது உங்களிடம் இருந்தால் அதையே வையுங்கள், வட்டுப் படம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பாடநூல் மொழிபெயர்ப்பாளன்