தாண்டிக்குடிக்கு வரும் பேராசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகக் காப்பி வணிகத்தில் யார் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஆராய கீழ்ப்பழனி மலைக்கு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். கேள்வித்தாளில் "காப்பியை என்ன விலைக்கு விற்றீர்கள்?" என்று ஒரே வரிதான் இருக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று எங்கே அதைக் கேட்டாலும், கிடைக்கும் எண்கள் ஒன்றோடொன்று சேராது. எந்தக் காப்பி, எவ்வளவு ஈரத்தில், யாருடைய தராசில் என்பதையும் கேளுங்கள்.

இங்கே மூன்று விதமாக விற்கிறார்கள். பறித்த பழமாக, தோலோடு காயவைத்த செர்ரியாக, அல்லது பல்பர் இயந்திரத்தில் பழத்தோல் நீக்கி, புளிக்கவைத்து, கழுவி, கொட்டையின் மெல்லிய மேல்தோலோடு காயவைத்த பார்ச்மென்ட்டாக. சுமார் 6 கிலோ அரபிகா பழத்துக்கு 1 கிலோ பச்சைக்கொட்டை, அதாவது தோலெல்லாம் நீக்கிய, வறுக்காத கொட்டை கிடைக்கும். 50 கிலோ பார்ச்மென்ட் மூட்டையில் ஏறக்குறைய 40 கிலோ. உலக அரபிகா வணிகம் அளவுகோலாகப் பார்க்கும் நியூயார்க் சந்தை விலையோ பச்சைக்கொட்டைக்கு, பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று சொல்வது. அது 200 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ என்பது 88 பவுண்டு, அதாவது 176 டாலர். மூட்டை விலையை இந்தத் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும். 50 கிலோவுக்கும் கணக்குப் போட்டால் விவசாயியின் பங்கு தப்பாக வரும்.

வியாபாரி குத்தூசியை மூட்டையில் செருகி ஒரு கைப்பிடி எடுப்பார். 100 கிராம் நிறுத்து, மேல்தோலைத் தேய்த்து ஊதிவிட்டு மறுபடி நிறுப்பார். 80 என்று பேசிய இடத்தில் 78 வந்தால் விலை குறையும். பிறகு கறுத்தது, உடைந்தது, பல்பர் வெட்டியது, துளைப்பான் பூச்சி ஓட்டை போட்டது என்று பொறுக்குவார். பாதிப் பேரம் இந்தத் தட்டிலேயே முடிந்துவிடும். அப்போது பக்கத்தில் நில்லுங்கள்.

ஈரம் இன்னொரு கணக்கு. 16 சதவீத ஈரத்தில் உள்ள 50 கிலோ பார்ச்மென்ட், 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் 46.7 கிலோ. ஈரத்துக்கென்று 3.3 கிலோவுக்கு மேல் எடையில் கழித்தால், அந்த மிச்சத்தை வியாபாரியின் லாபமாக உங்கள் கணக்கில் எழுத வேண்டும்.

பழம் பழுப்பதும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதுதான் இந்த மலையின் சங்கடம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களத்தில் எதையும் பரப்ப முடியாது. காயாத பார்ச்மென்ட் பூசணம் பிடித்து வாடை அடிக்கும். அதனால் சிறு விவசாயி பழமாகவே கொடுத்துவிடுகிறார். "சந்தை நிலவரம் தெரியாமல் விற்கிறார்கள்" என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். விலை தெரியும், கைபேசியில் தினமும் பார்க்கிறார்கள். இல்லாதது களமும் தார்ப்பாயும் வெயிலும்.

வயதானவர்களிடம் பூல் காலத்தைக் கேளுங்கள். எல்லோர் காப்பியையும் ஒன்றாகச் சேர்த்து விற்ற காப்பி வாரியத்துக்குக் கொடுத்துவிட்டுத் தவணை தவணையாகப் பணம் வாங்கிய காலம் அது. 1989 ஜூலையில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிக் கோட்டா முறிந்து உலக விலை சரிந்தது. வாரியத்தின் பூல் முழுக்க முடிவுக்கு வந்தது 1996-ல். பேச்சில் இரண்டும் கலந்து வரும். ஆண்டைக் கேட்டால் தடுமாறுவார்கள். எந்தப் பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாடி, பின்னாடி என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

பறிப்புக் கூலியைத் தோட்டக்காரரிடம் மட்டும் கேட்க வேண்டாம். கிலோ கணக்கா, நாள் கணக்கா, பச்சைக்காய் கலந்தால் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதைப் பறிக்கும் பெண்களிடமே கேளுங்கள்.

மாசியில் வந்தால் பெரும்பாலும் காலிக் களத்தைத்தான் பார்ப்பீர்கள். கார்த்திகையில் வாருங்கள். ஈரமானி ஒன்றும், கிராம் காட்டும் சிறு தராசு ஒன்றும் கையோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலைக் காப்பி விவசாயிகள்