பிஸ்டன் தண்டில் துரு பிடிக்காது

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையைத்தான் தினமும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

நீ கட்டிப் பெயிண்ட் அடித்து உன் நண்பனிடம் கொடுத்தனுப்பிய ஸாக்கு, அந்தப் பச்சை ரோபோ பொம்மை, ஒரு சேதாரமும் இல்லாமல் வந்து சேர்ந்தது. "எப்படிம்மா இருக்கு, உண்மையைச் சொல்லு" என்று போனில் கேட்டாய். நல்லா இருக்குடா என்றேன். அது பாதிதான். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் காதுபட உன் வேலையில் ஒரு குறை சொன்னால் போதும், "முப்பது வயசுக்கு மேல பொம்மை" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்கு நான் பதில் சொல்லி ஆயிற்று. 1980 ஜூலையில் ஜப்பானில் முந்நூறு யென் கொடுத்து, டிவி கார்ட்டூனில் வந்த கன்டம் ரோபோவின் முதல் பிளாஸ்டிக் கிட்டை வாங்கிய பையன்களெல்லாம் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் பிள்ளை அந்தக் கூட்டத்தில் சின்னப் பையன் என்றேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மீதிப் பாதியை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வெட்டு சுத்தம். அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நீ பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோல்டிங் கம்பெனியில் நான் கேட் வெட்டிக்கொண்டிருந்தவள். மெஷினிலிருந்து ஸ்விட்ச் பிளேட், மிக்ஸி மூடி எல்லாம் ரன்னர் என்கிற பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்ந்தே சூடாக விழும். பாகத்தை அதோடு ஒட்டி வைத்திருக்கிற சின்னக் கழுத்துதான் கேட். கட்டரால் ரன்னரை வெட்டி, மிச்சக் கேட்டைப் பிளேடால் சீவி, விரலால் தடவிப் பார்த்து டப்பாவில் போட வேண்டும். தடவும்போது நெருடினால் ரிஜெக்ட். அதே வேலைக்கு நீ கைக்காசு போட்டு, அதுவும் ஒரு பக்கம் மட்டும் வெட்டு வைத்த அந்த விலை உயர்ந்த கட்டரையும், நிப்பர் என்கிறாயே அதையும், வாங்கிச் செய்கிறாய் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் பாகத்தை ஒட்டி ஒரேயடியாக வெட்டாமல், முதலில் கொஞ்சம் தள்ளி வெட்டி ரன்னரை விடுவித்துவிட்டு, பிறகு மிச்சத்தை ஒட்ட வெட்டுகிறாய் பார், அதுதான் தொழில். ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் நசுங்கி உள்ளே நுண்ணிய வெடிப்பு விழும், அந்த இடம் வெளுத்துப்போகும். கறுப்பு, கரும்பச்சை நிறத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஸாக்குவின் இடது தொடையின் உள்பக்கம் அப்படி ஒரு சின்ன வெளுப்பு இருந்தது. நகத்தால் அழுத்தித் தேய்த்தேன், முக்கால்வாசி மறைந்துவிட்டது. எங்கள் லைனில் தரம் பார்க்கிற க்யூசி ஆள் வருவதற்குள் எல்லோரும் செய்த வேலை அது. அந்த நிப்பரால் தடித்த ரன்னரை மட்டும் வெட்டாதே, வாய் சில்லு போய்விடும். தடிப்புக்கு ஒரு மலிவுக் கட்டர் தனியாக வைத்துக்கொள்.

மே மாதம் நான் ஜப்பானுக்கு வந்திருந்தபோது ஷிஸுவோகா ஹாபி ஷோவுக்குக் கூட்டிப் போனாயே, அங்கே எல்லோரும் கட்டி முடித்த ரோபோக்களைப் பார்த்தார்கள், நான் ரன்னர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே தட்டில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நான்கு நிறம். எங்கள் கம்பெனியில் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற்ற, பிளாஸ்டிக் உருகுகிற பேரலைக் கழுவியெடுக்க வேண்டும். பர்ஜிங் என்பார்கள். பழைய நிறம் போகும்வரை கட்டி கட்டியாகப் பிளாஸ்டிக் வீணாகும். இவர்கள் நான்கையும் ஒரே தட்டில் இறக்குகிறார்கள், ஒரு நிறம் மற்றொன்றின் மேல் கசியவில்லை. ஓரத்தில் பிதுங்கி நிற்கிற ஃப்ளாஷ் இல்லை. அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளுகிற எஜெக்டர் பின்னின் தடம் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் உள்பக்கம் தள்ளிவிட்டிருக்கிறான் அச்சு செய்த அந்த டை மேக்கர். ரோபோவை வரைந்த ஒகவாரா குனியோ பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், இந்த டை அடித்தவன் பெயர் பெட்டியில் எங்கே இருக்கிறது? இந்தக் கிட்டைச் செய்கிற பந்தாயின் தொழிற்சாலை மட்டுமல்ல, டாமியா, அவோஷிமா, ஃபுஜிமி என்கிற மாடல் கம்பெனிகள் எல்லாம் அந்த ஒரு வட்டாரம்தான் என்றாய். டாமியா 1946-ல் மர அறுவைக் கம்பெனியாகத் தொடங்கியதாம், பிளாஸ்டிக்குக்கு வந்தது 1960-ல். மரத்தில் பழகிய கை என்றால் நம்பலாம்.

சரி, குறைக்கு வருகிறேன்.

பெயிண்ட் உரிந்த மாதிரி நீ செய்திருக்கிறாயே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. ஸ்பாஞ்சைப் பிய்த்து, பெயிண்டில் தொட்டு, பேப்பரில் ஒற்றி, பிறகு பாகத்தின் மேல் தட்டுவதை நான் பார்த்தேன். கை வேலை நன்றாகத்தான் இருக்கிறது, இடம்தான் தப்பு. தோள், முதுகு, தொடை, நெற்றி என்று எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெளித்திருக்கிறாய். அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. எந்த மெஷினும் அப்படித் தேயாது.

கணக்கு ஒன்று போட்டேன். ஸாக்கு நிஜத்தில் 17.5 மீட்டர் உயரம் என்றாய். உன்னுடையது நூறில் ஒரு பங்கு. அப்படியென்றால் அதில் 3 மில்லிமீட்டர் உரிசல், நிஜத்தில் 30 சென்டிமீட்டர். ஒரு அடி அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து தொங்குகிற வண்டியை எந்தப் பட்டாளத்தில் வேலைக்கு அனுப்புவார்கள்? உரிசல் ஊசிமுனை அளவுக்கு இருந்தாலே அதிகம். மார்புத் தட்டில் நீ வைத்த பெரிய திட்டுகளைச் சிறியதாக்கினால் போதும், ரோபோ அங்கேயே பெரிதாகத் தெரியும்.

எங்கே உரியும் என்பதற்கு என் பழைய மெஷினைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் மணியைக் கொட்டுகிற ஹாப்பர் பக்கம் மேலே கம்பெனிப் பெயிண்ட் கடைசிவரை புதிதாகவே இருந்தது. அங்கே யார் தொடப் போகிறார்கள்? சேஃப்டி கதவைத் தள்ளுகிற கைப்பிடி அருகில் மட்டும், பல பேர் உள்ளங்கை பட்டுப் பட்டு, முதலில் பச்சை மங்கியது, பிறகு கீழே இருந்த ரெட் ஆக்ஸைடு பிரைமர் எட்டிப் பார்த்தது, கடைசியாக இரும்பே கண்ணாடி மாதிரி மின்னியது. மூன்று அடுக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக, ஓரம் மழுங்கிய வளையங்களாகத் தெரியும். நீயோ பச்சைக்கு மேல் நேராக வெள்ளி நிறத்தை வைத்துவிட்டாய். நடுவில் பிரைமர் நிறத்தை ஒரு இழை விட்டுப் பார், அப்புறம் பேசு.

ஸாக்குவுக்கு அந்தக் கைப்பிடி எது என்று யோசி. பைலட் ஏறி இறங்குகிற கதவின் விளிம்பு. பாதத்தின் முன் ஓரம், குதிகால். துப்பாக்கியைப் பிடிக்கிற விரல்கள். கேடயத்தின் ஓரம், அதுவும் எதிரியைப் பார்க்கிற பக்கம். மெக்கானிக் காலை ஊன்றி ஏறுகிற இடம். மற்றதையெல்லாம் விட்டுவிடு. நெற்றியில் ஒரு கீறலும் வேண்டாம்.

எண்ணெய் வழிசலும் அப்படித்தான். ஹைட்ராலிக் ஹோஸ் மூட்டில்தான் கசியும், கசிந்தது கீழ்நோக்கித்தான் இறங்கும், அதன் மேல் தூசு ஒட்டிக் கறுக்கும். உன் ஸாக்குவின் வலது முழங்கையில் வழிசல் பக்கவாட்டில் போகிறது. கையை மடக்கி வைத்துக்கொண்டு வாஷ், அந்த நீர்த்த பெயிண்டை, போட்டிருப்பாய், காய்ந்த பிறகு நிமிர்த்தியிருப்பாய்.

இப்போது பிஸ்டன். நீயே பித்தளைக் குழாயைத் துண்டு போட்டுக் கணுக்காலில் சேர்த்திருக்கிறாய், அழகு. அந்தத் தண்டின் மேல் ஏண்டா துரு பூசினாய்? சிலிண்டருக்குள் போய் வருகிற தண்டை ஒவ்வொரு முறையும் சீல் துடைத்துவிடும். மெஷின் முழுக்க அழுக்காக இருந்தாலும் அந்தத் தண்டு மட்டும் பளபளவென்று இருக்கும். அதில் துரு ஏறினால் சீல் கிழிந்து எண்ணெய் கொட்டி மெஷின் நின்றுவிடும், மெயின்டனன்ஸ் ஆள் ஓடி வருவார். சண்டையும் விண்வெளியில்தானே, அங்கே காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை, துரு எங்கிருந்து வரும்? பூமியில் இறங்கிய ஸாக்கு என்று நீ வைத்துக்கொண்டால் பாதத்தில் மண் பூசு, ஒத்துக்கொள்கிறேன். தண்டைத் துடைத்துவிட்டுக் குரோம் நிறம் கொடு.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், எனக்கு அந்தப் பச்சைப் பயல்தான் பிடித்திருக்கிறது. வெள்ளை நிறக் கதாநாயகன் கன்டம் ஒருவன்தான், ஸாக்குவோ தொழிற்சாலையில் வரிசையாக அடித்து இறக்கிய சரக்கு. 1979-ல் அந்தக் கன்டம் டிவி தொடர் வந்தபோது பார்ப்பார் இல்லாமல் 43 பகுதியோடு சுருட்டிவிட்டார்கள் என்று டோக்கியோ ஒடைபாவில் அந்தப் பெரிய கன்டம் சிலையின் காலடியில் நின்று நீ சொன்னாய். பிறகு கிட்டுகள் வந்து, பையன்கள் கடை திறக்கும் முன்பே வரிசையில் நின்றார்களாம். நின்றவர்களில் பல பேர் எதிரிப் படையின் இந்தச் சாதாரண வண்டியை வாங்கினார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. ஷிஃப்ட் பார்த்த மெஷின் மாதிரி இருக்கிறது அது. குழாயெல்லாம் வெளியே தெரிய, ஒற்றைக் கண்ணோடு.

வாஷ் பற்றி இன்னொன்று. எங்கள் கம்பெனியில் ஒருமுறை ஸ்குரூ போட்டு இறுக்கிய பாகங்களில் கறை போகவில்லை என்று தின்னர் தொட்டுத் துடைத்தார்கள். மறுநாள் காலையில் ஸ்குரூ துளையைச் சுற்றி மயிரிழை விரிசல். பிளாஸ்டிக் இறுக்கத்தில் இருக்கும்போது தின்னர் பட்டால் பிளந்துவிடும். கிட்டும் அழுத்திப் பொருத்துகிறதுதானே, ஒவ்வொரு மூட்டும் இறுக்கத்தில்தான் இருக்கிறது. ஆகையால் எனாமல் வாஷ் போடுவதாக இருந்தால் பாகத்தைக் கழற்றி வைத்துப் போடு, முதலில் பளபளப்புக் கோட்டிங் ஒன்று அடித்துக் காயவிடு, வாஷைக் குளமாகத் தேங்க விடாதே. உள்ளே இருக்கிற ஏபிஎஸ் பிளாஸ்டிக் சட்டத்தின் பக்கமே அதைக் கொண்டுபோகாதே.

அங்கே ஜூன் பிறந்தால் மழைதான் என்றாய். இங்கே பாடியில் மாமாவின் கார் பெயிண்ட் கடையிலும் ஐப்பசி, கார்த்திகையில் இதே பாடுதான். லாக்கர் காயும்போது பெயிண்ட் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் மேலே படிந்து, கறுப்பு காரெல்லாம் சாம்பல் பூத்து நிற்கும். மாமா ரிட்டார்டர் கொஞ்சம் கலந்து மெதுவாகக் காயவைப்பார், இல்லாவிட்டால் வெயில் வரும்வரை ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடமாட்டார். நீயும் மழை நாளில் அந்தப் பளபளப்பில்லாத மேட் கோட்டிங் அடிக்காதே. அந்த நாட்களில் சாண்ட் பேப்பர் வேலையைப் பார்.

மாஸ்க் விஷயத்தில் நான் கெஞ்சப் போவதில்லை, சொல்கிறேன், கேள். அங்கே ரயிலில் போட்டுக்கொள்கிற மாஸ்க் தூசுக்குத்தான், தின்னர் ஆவி அதற்குள் சர்வ சாதாரணமாக நுழையும். கார்பன் ஃபில்டர் திருகுகிற மாஸ்க் வாங்கு, ஃபில்டரைத் தேதி பார்த்து மாற்று. மாமா இருமுகிற இருமலை நீ போனில் கேட்டிருக்கிறாய். படுக்கிற அறையிலேயே ஏர்பிரஷ் அடிக்கிறாய், ஜன்னலில் அந்த ஃபேன் பெட்டியை மாட்டுகிறேன் என்றாய், மாட்டினாயா?

ரன்னர் மிச்சத்தைக் குப்பையில் போடாமல் பையில் கட்டி வைத்திருந்தாயே, அதைக் கடையில் இருக்கிற பெட்டியில் கொண்டு போட்டுவிடு, கம்பெனிக்காரனே எடுத்து மறுபடி உருக்குகிறான் என்று நீதானே சொன்னாய். பச்சை ரன்னரில் மட்டும் கொஞ்சம் எடுத்து வை. பொடியாக வெட்டி, பிளாஸ்டிக் ஒட்டுகிற சிமென்ட் பாட்டிலில் கரைத்தால் அதே நிறத்தில் கூழாகும், இணைப்புக் கோட்டில் விட்டுக் காயவைத்துத் தேய்த்தால் கோடே தெரியாது. ஸாக்குவின் முன்கையில் அந்தக் கோடு இன்னும் தெரிகிறது, பார்த்துக்கொள்.

அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இன்னொரு ஸாக்கு வாங்கு, விலை குறைந்த, இதைவிடச் சின்ன 1/144 அளவு போதும். பிரிக்காமல் தீபாவளிக்கு வரும்போது பெட்டியோடு கொண்டு வா, வெட்டுவது நான், பூசுவது நீ. பெயிண்டும் தின்னரும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பச்சை அவரே கலந்து தருவார். முதலில் ரன்னர் துண்டில் அடித்துப் பார்ப்போம், கார் பெயிண்ட் பிளாஸ்டிக்கைத் தின்றாலும் தின்றுவிடும். நிப்பரைக் கைப்பையில் வைத்துவிடாதே, செக்-இன் பெட்டியில் போடு.

அன்புடன்,
அம்மா