சூரனின் வாயில் வரும் பாட்டையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவியங்களில் வரும் அரக்கர்களைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இராவணனும் சூரபன்மனும் தீமையின் உருவங்கள், பிள்ளைகளுக்கு அவ்வளவு சொன்னால் போதும், மிச்சமெல்லாம் பண்டிதர்களின் வேலை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். கோயிலில் கந்தபுராணம் படிக்கும்போது செய்யுளுக்குப் பொருள் விளக்கிப் பயன் சொல்லுகிறவன் நான். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் சொன்னதில் ஒரு பங்கு சரி. அரக்கன் பயங்கரமாகத்தான் இருக்க வேண்டும். சூரன் போர் அன்று பெடியன்கள் சூரனின் உருவத்தைத் தோளில் காவிக்கொண்டு வீதியில் முன்னும் பின்னும் ஓடி ஆட்டும்போது, தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழாத குழந்தை குறைவு. ஆனைமுகம் போய்ச் சிங்கமுகம் வந்து, அதுவும் போய்ச் சூரனின் சொந்த முகம் வரும்வரை அந்தப் பயம் ஏறிக்கொண்டே போகும். போகட்டும். தீமை தடுப்பார் இல்லாமல் வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதை ஏற்க முடியாது. எங்கள் கவிஞர்கள் அதோடு நிறுத்தவில்லையே.

கம்பனை எடுங்கள். முதல் நாள் போரில் தோற்று இராவணன் ஊருக்குள் திரும்புகிறான்:

வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்
தாரணி மவுலி பத்தும் சங்கரன் கொடுத்த வாளும்
வீரமும் களத்தே போட்டு வெறுங்கையே மீண்டு போனான்.

கம்பன் அவனைத் திட்டவில்லை. திசை யானைகளோடு மோதிய மார்பு, கயிலையைத் தூக்கிய தோள், நாரதருக்கு ஏற்றபடி நயமாகப் பேசிய நாக்கு, சிவனே கொடுத்த வாள் என்று அவனிடம் இருந்த நல்லவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். இவ்வளவும் இருந்தவன் இப்படி ஆனானே என்று கேட்பவரின் நெஞ்சு கனக்க வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். அந்த இரவு இராவணனை வாட்டுவதும் தோல்வி அல்ல. வானும் மண்ணும் சிரிக்கும், பகைவர் சிரிப்பார்கள் என்பதற்கெல்லாம் அவன் நாணவில்லை. சானகி சிரிப்பாளே என்றுதான் வெட்கத்தால் சாம்புகிறான். பத்துத் தலை அரக்கனுக்குள் இப்படி ஒரு மனிதனை ஒளித்து வைத்த கவிஞனை, ‘இவன் கெட்டவன்’ என்ற இரண்டு சொல்லில் அடக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அநியாயம்.

சம்பந்தரும் அப்படித்தான். அவருடைய பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வந்துவிடுவான். மலையைத் தூக்கப்போய் நசுங்கியவன், பிறகு பாடி அருள் பெற்றவன். திருநீற்றுப் பதிகத்தில் ‘இராவணன் மேலது நீறு’ என்றே பாடுகிறார். நீறு பூசும்போது எங்கள் பிள்ளைகள் அதைப் பாடமாகச் சொல்கிறார்கள். அரக்கனின் நெற்றியிலும் அதே திருநீறு இருந்தது என்று அவர்களுக்கு யாராவது விளக்கிச் சொல்கிறோமா?

வெளிநாட்டுக் காவியங்களிலும் இதைக் காணலாம். ஹோமரின் ஒற்றைக் கண் அரக்கன் மனிதரைப் பிடித்துத் தின்பவன். அந்தக் கண்ணும் போன பிறகு, குகை வாசலில் தன் செம்மறிக் கடாவைத் தடவிக்கொண்டு, எப்போதும் முன்னால் போகிறவன் இன்றைக்கு ஏன் கடைசியாக வருகிறாய், உன் எசமானின் கண்ணை நினைத்துத் துக்கப்படுகிறாயா என்று கேட்கிறான். ஆடு மாடு வளர்க்கும் வன்னிச் சனத்துக்கு அந்த இடத்தை விளக்கத் தேவையில்லை.

சரி, எங்கள் கந்தபுராணத்துக்கு வருகிறேன். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்கள் உள்ள நூல். ஆறு காண்டங்களில் ஒன்றுக்கு அசுர காண்டம் என்றே பெயர். இன்னொன்றுக்குச் சூரனின் தலைநகரான மகேந்திரபுரியின் பெயர். எதிரியைப் புரிந்துகொள்ளக் கச்சியப்ப சிவாசாரியார் அவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார். சூரன் கடும் தவம் செய்து, 1008 அண்டங்களை 108 யுகம் ஆள வரம் வாங்கியவன். ஆயிரம் தலையோடு பார்க்கவே பயங்கரமான சிங்கமுகன்தான் தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று அண்ணனுக்கு நியாயம் சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு அவனுக்காகவே போருக்குப் போய்ச் சாகிறான். கும்பகருணனும் இதே வழியில் போனவன்தான். அண்ணனுக்கு இடித்துரைத்தான். தம்பி வீடணன் வந்து கூப்பிட்டபோது, ‘நீர்க்கோல வாழ்வை நச்சி’, அதாவது நீரில் போட்ட கோலம்போல் அழியும் வாழ்வை விரும்பி, வளர்த்தவனை விட்டு வரமாட்டேன் என்றான். நூலில் அதிகம் பயமுறுத்தும் உடம்புகளுக்குத்தான் கவிஞர்கள் நியாயத்தையும் நன்றியையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

சூரனுக்கும் ஒரு கணம் வருகிறது. முருகன் பேருருவம் காட்டி நிற்கும்போது அவன் சொல்லும் பாட்டு இது:

கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப்
பாலன்என் றிருந்தேன் அந்நாள் பரிசிவை உணர்ந்தி லேன்யான்
மாலயன் தனக்கும் ஏனை வானவர் தமக்கும் யார்க்கும்
மூலகா ரணமாய் நின்ற மூர்த்திஇம் மூர்த்தி அன்றோ.

சிறுவன் என்று நினைத்திருந்தேனே, எல்லோருக்கும் மூல காரணமான மூர்த்தி இவன்தானே என்கிறான். பக்தன் ஒருவனின் வாயில் வர வேண்டிய பாட்டு. அந்த உருவம் மறைந்ததும் பழைய குணம் திரும்பிவிடுகிறது, மறுபடியும் சண்டைக்கு நிற்கிறான், மாமரமாகிறான். உண்மையைக் கண்ட பிறகும் வழுக்கி விழுவது எவ்வளவு எளிது என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பிறகு வேல் பிளந்த மரம் மயிலும் சேவலுமாகிறது, ஒன்று வாகனம், மற்றது கொடி. சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று சைவப் பெரியோர் விளக்குவார்கள். உயிரைப் பிடித்திருக்கும் அழுக்கான ஆணவ மலம் அடியோடு அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்கும் என்பது சைவ சித்தாந்தம். கதையில் சூரன் செத்தொழியாமல் ஆண்டவனின் காலடியில் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று. முல்லைத்தீவுக் கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளையில், வைகாசிப் பொங்கலுக்கு நாங்கள் கும்பிடும் தெய்வம் கண்ணகி. அவளுடைய காவியத்தில் கோவலனைக் கொன்றது எந்த அரக்கனும் இல்லை. திருட்டை மறைக்கப் பணிவாகப் பேசும் ஒரு பொற்கொல்லன், ஊடலில் இருக்கும் மனைவியைப் பார்க்க அவசரப்படும் ஒரு அரசன், ‘கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று நடந்துகொண்டே போட்ட ஒரு உத்தரவு. கொம்பும் கோரைப் பல்லும் இல்லாமலே ஒரு குடும்பம் அழிந்து, ஒரு நகரம் எரிந்தது.

இதை வன்னியில் இருந்து எழுதுவதால் அழுத்திச் சொல்கிறேன். 2009-இல் முடிந்த போரைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். இங்கே இழப்பு இல்லாத வீடு அரிது. எங்களுக்குக் கேடு செய்தவர்கள் யாருக்கும் பத்துத் தலை இருக்கவில்லை. உத்தரவு போட்டவர்கள், பொய் சொன்னவர்கள், கண்டும் காணாமல் இருந்தவர்கள் எல்லாம் சாதாரண முகத்தோடுதான் இருந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, தீமை என்றால் கறுத்த உடம்பும் சிவந்த கண்ணும்தான் என்று சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு அவர்கள் ஆளின் முகத்தைப் பார்த்து அசுரன் என்று முடிவு கட்டுவார்கள். மரியாதையாகச் சிரித்துக்கொண்டு வருகிறவனைக் கோட்டை விடுவார்கள். தங்களுக்குள் இருக்கும் சூரனைத் தேடவே மாட்டார்கள்.

இப்போது சில கோயில்களில் புராணபடனம், அதாவது புராணத்தைப் படித்துப் பயன் சொல்வது, நாலு பேருக்கு முன்னால் ஒரு மூலையில் நடக்கிறது. சூரன் போர் அன்றோ ஒலிபெருக்கியில் ‘கொடியவன் வருகிறான்’ என்ற கூச்சலும் சினிமா மெட்டும்தான். அறங்காவலர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வருகிற ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறாம் நாள், மாமரம் பிளக்கப்படுவதற்கு முன் ஐந்து நிமிடம் பறையையும் ஒலிபெருக்கியையும் நிறுத்துங்கள். மேலே உள்ள சூரனின் பாட்டைப் படித்து, பயன் சொல்ல விடுங்கள். பள்ளிக்கூட நாடகங்களில் இராவணனாக வரும் பிள்ளைக்கு உறுமலோடு கம்பனின் ஒரு செய்யுளையும் கொடுங்கள், ஆசிரியர்மாரே. பயன் சொல்ல ஆள் இல்லாத கோயில்கள் எங்கள் பக்கத்துப் படனகாரரைக் கேட்டால் வருவார்கள். மாரி தொடங்கினால் உள்ரோட்டுப் பயணம் கஷ்டம் என்பதால், புரட்டாதிக்குள் சொல்லிவைத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
முள்ளியவளை.